பனையும் அதன் சுற்றமும்

திசையன்விளையிலிருந்து உவரிக் கடற்கரைக்குச் செல்வோர் கண்ணுக்குச் செம்மணல் தேரியும் பனைகளுமே விருந்து. "பனை மரமா, புல்லா?" என்று நான் ஆசிரியனாக இருந்த நாளில் மாணவரைக் கேட்பதுண்டு. வகுப்பு நகைக்கும். ஆயினும் வினா நகைப்புக்குரியதன்று.

புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்தது. வேம்பை அறுத்தால் நடுவே வயிரம் காணலாம். பனையைப் பிளந்தால் வன்மை புறத்தே இருக்கும். உள்ளே இருப்பது வெறுஞ்சோறு. இன்றைய தாவரவியலும் வேம்பை விலக்கிவிட்டு, பனையையும் நெல்லையும் ஒருவிதையிலைத் தாவரங்களில் சேர்க்கிறது.

அப்பெரும்பிரிவினுள் பனையினத்துக்குத் தனிக் குடும்பமே உண்டு. அதன் ஏறத்தாழ 2,600 சிற்றினங்களுள் பெரும்பாலானவை வெப்ப நாடுகளுக்கு உரியவை. அவற்றை ஐந்து உட்குடும்பங்களாகப் பிரிப்பர். பொதிகைக் காட்டுப் பிரம்பு ஒன்றைச் சார்ந்தது. பள்ளியில் எங்கள் கையில் இருந்த பிரம்பும் பனையின் உறவே என்றறிக! தென்னையும் கமுகும் மற்றொன்று. பனையும் தாளிப்பனையும் வேறொன்று. கழிமுகச் சேற்றில் வளரும் நிப்பா தனித்து நிற்கிறது. ஆண்டிஸ் மலையின் மெழுகுப்பனை ஐந்தாவதைச் சார்ந்தது.

ஈந்து எதனைச் சாரும்? தோற்றத்தில் அது தென்னைக்குத் தங்கை போல் இருக்கும். ஆனால் சிற்றிலையின் அடியை நோக்குங்கள். தென்னையின் சிற்றிலை கூரை போலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். ஈந்தின் சிற்றிலையோ வாய்க்கால் போல மேல்நோக்கிக் குழிந்திருக்கும். விசிறியாய் விரிந்த பனையோலையின் மடிப்பும் அவ்வாறே தொடங்குகிறது. எனவே ஈந்து பனையின் கிளையைச் சார்ந்தது. சேஷெல்ஸ் தீவுகளில் விளைந்து, உலகிலேயே பெரிய விதையைத் தரும் கடல்தேங்காயும், பெயரால் தென்னையாயினும், பனைக்கே நெருங்கிய உறவு. பெயரும் தோற்றமும் ஏமாற்றும். உறுப்பின் அமைப்பு ஏமாற்றாது.

இவ்வகுப்பு ஏட்டோடு நிற்பதன்று. வேம்பை வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பனைக்கோ உச்சிக் குருத்து ஒன்றே உயிர்நிலை. அது போனால் பனை பட்டுவிடும். தண்டில் பட்ட வெட்டுக்காயமும் மூடி ஆறுவதில்லை. ஆணா பெண்ணா என்று பாளை காட்டவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் வளர்ந்ததைச் செங்கற்சூளை விறகுக்காகச் சிறுபொழுதில் வீழ்த்திவிடுகிறோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. சட்டம் கோடரியைத் தடுக்கலாம்; இழந்த பனையை மீட்டுத் தராது. அதற்கு ஐப்பசி மழைக்கு முன் நாமே தேரியில் பனங்கொட்டை ஊன்றவேண்டும். அதன் பயனை நம் பேரப்பிள்ளைகள் பதநீராய்ப் பருகுவார்கள்.