மூச்சால் திரும்பும் சுக்கான்

2005 ஆகஸ்டில் ஹிலாரி லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் பெண் டோவரிலிருந்து தனியாகப் பாய்மரப் படகு ஓட்டி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கலே துறைமுகம் போய்ச் சேர்ந்தார். நரம்புநோய் அவருடைய கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் முடக்கியிருந்தது. தலை, கண், வாய் இவைதான் அவர் சொல்படி கேட்டன. 2009இல் அதே நிலையில் பிரிட்டனையே சுற்றிவந்தார்.

எப்படி முடிந்தது? படகை ஓட்டுபவருக்கு அடிப்படையில் இரண்டே வேலைகள். ஒன்று, சுக்கானைத் திருப்பித் திசை பிடிப்பது. மற்றொன்று, கயிற்றை இழுத்தோ தளர்த்தியோ பாயைக் காற்றுக்கு ஏற்ப நிறுத்துவது. படகைத் தள்ளும் பலம் காற்றினுடையது. கயிறு இழுக்கும் பலத்தை பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் கொடுத்துவிடும். எப்போது, எவ்வளவு இழுப்பது என்ற முடிவுதான் மனிதர் தரவேண்டியது.

அந்த முடிவை மோட்டாருக்குச் சொல்ல, ஸ்ட்ரா போன்ற குழாய்களை வாயருகே பொருத்துகிறார்கள். ஒரு குழாயில் ஊதினால் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும்; உறிஞ்சினால் மறுபக்கம். இன்னொரு குழாய் பாய்க்கு. குழாயின் மறுமுனையில் காற்றழுத்தத்தை உணரும் சுவிட்ச் இருக்கிறது. பாயின் முன்விளிம்பு படபடத்தால் அது காற்றை நழுவவிடுகிறது என்று பொருள். உடனே பாயை இழுக்கும்படி மூச்சால் சொல்ல வேண்டும், படபடப்பு அடங்கும்வரை. காற்று திசை மாறுவதைக் கன்னமே காட்டிக்கொடுக்கும். கழுத்துக்குக் கீழே உணர்ச்சியற்றவர்களுக்கும் முகத்தில் அந்த உணர்வு இருக்கும்.

கையில் கொஞ்சம் அசைவு உள்ளவர்களுக்கு ஜாய்ஸ்டிக் போதும். ஆனால் சாதாரணச் சிறுபடகில் உண்மையான தடை வேறு. பாய் பக்கம் மாறும்போதெல்லாம் ஓட்டுபவரும் குனிந்து எதிர்ப்பக்கம் தாவியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ் மிட்செல் வடிவமைத்த, இன்று ஹான்சா என்ற பெயரில் வரும் படகுகளில் இந்தத் தாவலே கிடையாது. நடுவில், தாழ்வாக, முன்னோக்கி உட்கார்ந்தபடியே ஓட்டலாம். அடியில் கனமான பலகை இருப்பதால் எளிதில் கவிழாது.

2008 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் ஸ்கட் 18 என்ற இருவர் படகுப் போட்டி நடந்தது. இருவரில் ஒருவர் கடுமையான ஊனமுள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்து வந்த டோக்கியோ பாராலிம்பிக்கிலிருந்து பாய்மரப் படகோட்டத்தையே நீக்கிவிட்டார்கள். உலகளவில் போதுமான நாடுகளில் பரவவில்லை என்பது காரணம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

உடல்நிலை சார்ந்த எச்சரிக்கைகளும் உண்டு. கழுத்தெலும்புப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. வெயிலில் உடல் சூடேறிவிடும். வலி தெரியாமலே இருக்கை அழுத்திப் புண்ணாகலாம் என்பதால் நல்ல மெத்தை அவசியம். உடலை நிமிர்த்திப் பிடிக்கும் வார், ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். படகில் ஏற்றி இறக்கத் தூக்குக் கருவி வேண்டும்.

கனடாவின் வான்கூவரில் உருவான மார்ட்டின் 16 படகில் பின்னால் துணைவருக்கும் ஓர் இருக்கை உண்டு. அங்கே உட்காருபவருக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை என்பேன். மோதல் நேரும்போல இருந்தால் ஒழிய அவர் கைவைக்கக் கூடாது. பாய் கொஞ்சம் தவறாக நின்றால் நிற்கட்டும். ஓட்டுபவர் தானே பார்த்துத் திருத்திக்கொள்வார்.