கோட்டை இல்லாத கோட்டையும் அதன் புறக்கோட்டையும்

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், "கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று நடத்துனர் கூவிக்கொண்டே வருவார். கோட்டை, புறக்கோட்டை. நம் வீடுகளில் யாராவது ஒருவர் கிழமைக்கு ஒரு தடவையாவது போய்வரும் இடங்கள். ஆனால் கோட்டையில் இறங்கி, கோட்டை எங்கே என்று தேடினால் கிடைக்காது. போர்த்துக்கேயர் 1518இல் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர் தங்கள் விருப்பத்துக்கு மாற்றியமைத்த அந்தக் கோட்டை 1796இல் ஆங்கிலேயரின் கைக்குப் போனது. அவர்களே 1869க்கும் 1871க்கும் இடையில் அதன் மதில்களை இடித்துத் தள்ளினார்கள். இன்று பிரிஸ்டல் வீதியில் டெல்ஃப்ட் வாயிலின் ஒரு துண்டும், துறைமுகத்துக்குள் சில சுவர்களும்தான் மிச்சம். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெயர்கள் கற்களைவிட உறுதியானவை போலும். ஆங்கிலத்தில் 'பெட்டா' என்று எழுதுகிறார்களே, அது நம்முடைய 'பேட்டை'தான். கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்பு ஆகையால் தமிழில் புறக்கோட்டை, சிங்களத்தில் பிட்டகொட்டுவ. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதிக்கு ஹல்ஸ்டொப் என்றும் பெயருண்டு. 1656இல் கொழும்பை முற்றுகையிட்டபோது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட்டின் பெயர் அது. வீட்டுக்குள்ளும் அவர்கள் இருக்கிறார்கள். காலையில் நாம் சாப்பிடும் பாண், உட்காரும் கதிரை, உடுப்பு வைக்கும் அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். மூத்தவாப்பாமார் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பார்கள். அது ஒல்லாந்தச் சொல். உம்மா கறி சமைக்கும் போஞ்சியும் அப்படித்தான்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தத் துறைமுகத்தில் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்று ஒரு மீஸான் கல். ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948ஆம் ஆண்டைச் சேர்ந்த, காலித் இப்னு அபூ பகாயா என்பவருடைய அடக்கக் கல் அது. கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டது. கொழும்பில் கிடைத்த இக்கல்லைப் பற்றி இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் இங்கிலாந்தில் வெளியிட்டார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா 'கலன்பு' என்று இந்த ஊரைக் குறிப்பிட்டு, இத்தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்.

அதற்குப் பின் வந்ததுதான் கசப்பான பகுதி. மிளகுக்கும் கறுவாவுக்கும் போட்டியாக இருந்த முஸ்லிம் வியாபாரிகளைப் போர்த்துக்கேயர் பகைவராகவே பார்த்தார்கள். 1626இல் அவர்களின் ஆள்புலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளை பிறந்தது. துரத்தப்பட்டவர்களில் சுமார் 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். ஒல்லாந்தர் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடோ காணியோ சொந்தமாக வைத்திருக்கக் கூடாதென்று தடை போட்டார்கள். அந்தத் தடை ஆங்கிலேயர் காலத்தில், 1832இல்தான் நீங்கியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கை வண்டிகளும் நாட்டாமைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாய் எழுந்து நிற்கிறது ஜாமிஉல் அஃபார் பள்ளிவாசல். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றால்தான் பலருக்குத் தெரியும். 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த வேலை. பண உதவி செய்தவர்கள் தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அவர் கட்டடக் கலை படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். வியாபாரிகள் கொண்டுவந்து காட்டிய இந்தோ-சரசெனிக் கட்டடங்களின் படங்களைப் பார்த்தே தம் வடிவத்தை அமைத்தார். மாதுளம்பழம் போன்ற கும்மட்டங்கள், முறுக்கிய தூண்கள், கோடு போட்ட சுவர்கள். ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு பேர்ச் காணி வாங்க முடியாதிருந்த அதே புறக்கோட்டையில், கப்பலில் வந்தவர்கள் கரைக்கு அடையாளமாகக் கண்டது இந்தக் கும்மட்டங்களைத்தான் என்று சொல்வார்கள். 1832க்கும் 1908க்கும் இடையில் எழுபத்தாறு ஆண்டுகள்தான்.

அந்த எழுபத்தாறு ஆண்டுக்குள் இன்னொருவரின் கதையும் அடங்குகிறது. அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் (1829-1925). 'ஆங்கிலேயர் கட்டியது' என்று நாம் சொல்லும் கட்டடங்களை உண்மையில் கட்டிய ஒப்பந்தக்காரர்களில் முதன்மையானவர். கறுவாத்தோட்டத்து தேசிய நூதனசாலை அவருடைய வேலை. கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள பழைய பிரதான தபாலகம், புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் ஆகியவையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. நூதனசாலைக்குப் படம் வரைந்தவர் ஜே. ஜி. ஸ்மிதர், கட்டச் சொன்னவர் தேசாதிபதி வில்லியம் கிறகரி. பாடப்புத்தகத்தில் இந்த இருவரையும் காணலாம், மூன்றாமவரைத் தேட வேண்டும். 1877இல் திறப்பு விழாவின்போது, "உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்று தேசாதிபதி கேட்டதாகவும், "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைக்க வேண்டும்" என்று மட்டும் அவர் கேட்டதாகவும் ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. கேள்வியும் பதிலும் அப்படியே நடந்தனவோ என்னவோ, நெடுங்காலம் நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் பூட்டியேதான் இருந்தது.

இனி துறைமுகம். கொழும்பு எப்போதுமே பெரிய துறைமுகமாக இருந்ததென்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீராவிக் கப்பல்கள் காலியில்தான் தரித்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பில் நங்கூரமிடுவது ஆபத்து. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் கப்பல்கள் பெருகின. கண்டி மலைகளின் கோப்பியும் ரயிலில் கொழும்புக்கே வந்து இறங்கியது. எனவே கடலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி அலையை மறிக்கத் தீர்மானித்தார்கள். 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் என்ற பொறியியலாளரின் திட்டம் அது. நாலாயிரம் அடிக்கும் மேல் நீளமான அந்தத் தென்மேற்கு அலைதடுப்பு முடிய ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் எடுத்தன. அதன் பிறகு காலி அமைதியாகிவிட்டது.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். எந்தச் சூயஸ் கால்வாய் கொழும்புக்குத் துறைமுகத்தைத் தந்ததோ, அதே கால்வாய்தான் நமக்கு ஒராபி பாஷாவையும் தந்தது. கால்வாயும் அதன் வருமானமும் கைவிட்டுப் போகக் கூடாதென்று 1882இல் பிரித்தானியா எகிப்தைப் பிடித்தது. அங்கே எழுச்சிக்குத் தலைமை தாங்கிய அஹ்மத் ஒராபி பாஷா தோற்று, நாடு கடத்தப்பட்டு 1883இல் இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார். 1901 வரை இலங்கையிலேயே இருந்தார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்திய சித்திலெப்பை, நாம் மேலே சொன்ன வாப்பிச்சி மரிக்கார், ஒராபி பாஷா ஆகியோர் சேர்ந்து முயன்றதன் பலனாக 1892இல் மருதானையில் எழுந்ததுதான் பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியான மத்ரஸா. சாம்ராஜ்யம் தண்டனையாக அனுப்பிய மனிதர் இங்கே பள்ளிக்கூடத்துக்குத் துணை நின்றார்.

பெண்களின் கைவேலை எங்காவது இருக்கிறதா என்று மாணவிகள் கேட்கலாம். இருக்கிறது. சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில் உயர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை வடிவமைத்தவர் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். 1857இல் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதன் உச்சியில் விளக்கு ஏற்றி, கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் ஆக்கினார்கள். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் விளக்கு அணைக்கப்பட்டது. மணிக்கூடு மட்டும் எஞ்சியது. யுத்த காலத்தில் இந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. அக்காலத்தில் வளர்ந்த பல உம்மாமாருக்குக் கோட்டை என்றால் தடுப்புக் கம்பிகளும் அடையாள அட்டைச் சோதனையும்தான். பிள்ளைகளோடு சேர்ந்து அவர்களும் முதல் தடவையாகப் பார்க்கக்கூடிய இடம் இது.

புறக்கோட்டை முனையில் இன்னொரு மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. கான் என்ற பெயரைக் கண்டு அதைக் கட்டியவர்களை முஸ்லிம்கள் என்று எண்ணத் தோன்றும். அவர்கள் பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பத்தினர். தந்தை பிராம்ஜி பிக்காஜி கானின் நினைவாகப் பிள்ளைகள் 1923இல் எழுப்பினார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரீ வசித்த வீடு இருக்கிறது. பிறகு அது மருத்துவமனையாகவும் தபாலகமாகவும் இருந்து, 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. உள்முற்றமும் மரத்தூண்களும் பார்க்கத் தகுந்தவை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏறினால் குன்றின் மேல் வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் அடிக்கல், 1757இல் திறப்பு. 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? அந்தக் காலத்தில் அங்கே திரிந்த நரிகளைக் கண்டுதான் அப்படிப் பெயர் வைத்தார்களாம். சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பு. கோட்டைக்குள்ளிருந்த பழைய தேவாலயத்தில் அடக்கப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். ஆள வந்தவர்களின் பெயர்கள் தரையில் கல்லாய்க் கிடக்கின்றன. அதற்குச் சற்றுத் தொலைவில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திரும்பக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில். அருகே கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் ஒளித்து வழிபட்டவர்களின் நினைவிலிருந்து வளர்ந்தது அது. எல்லா மதத்தாரும் போய்வரும் இடம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தத் தெருவைக் கடக்கும்போது நம்மில் பலரின் கால்கள் தயங்கின. அந்தக் கோயில் அதே ஆண்டு ஜூன் மாதம் திரும்பவும் திறக்கப்பட்டது.

திரும்பும் வழியில் காலி முகத்திடலில் இறங்கிக்கொள்ளலாம். கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த தேசாதிபதி வார்ட், அங்கே ஒரு கல் நாட்டினார். தமக்குப் பின் வருவோர் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த இடத்தைப் பேண வேண்டும் என்பது அதிலுள்ள செய்தி. அவர் மனதில் இருந்தது குதிரை வண்டியில் காற்று வாங்க வரும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளாகவே இருக்கலாம். இன்று அங்கே இஸ்ஸு வடை வாங்கிக்கொண்டு பட்டம் விடுவது நாம். வடக்கே, கடலாய் இருந்த இடத்தில் 269 ஹெக்டயர் நிலம் நிரப்பிப் புதிய துறைமுக நகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது.