படகு மேல இன்னொரு படகு... வாத்து வேட்டைக்கு எதுக்கு ரெண்டு படகு? ஆபத்து எங்கே இருக்கு?

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் செயின்ட் கிளேர் ஏரி. நவம்பர் மாதக் குளிரில் ஒரு மோட்டார் படகு கரையை விட்டுக் கிளம்புகிறது. அதில் மூன்று பேர், துப்பாக்கிகள், மூட்டை மூட்டையாகப் பொம்மை வாத்துகள். இது போதாதென்று, படகின் விளிம்புகள் மேல் குறுக்காக இன்னொரு சின்னப் படகும் கட்டப்பட்டிருக்கிறது!

பார்க்கிறவர்களுக்கு, "ஒரு படகுதான் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்றுதான் தோன்றும். இதற்குக் காரணம் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. கொஞ்சம் கவனம் தப்பினால் உயிரே போகும் ஆபத்தும் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

எதுக்கு ரெண்டு படகு?

கேன்வாஸ்பேக், ரெட்ஹெட், ஸ்காப் போன்ற முக்குளித்து இரை தேடும் வாத்துகள், கரையோர நாணல் புதர்களை விட்டு விலகி, திறந்த நீர்ப்பரப்பில் கூட்டமாக இறங்கும். அங்கே ஒளிந்துகொள்ள ஒரு புல்கூட கிடையாது. பெரிய படகைக் கண்டால் வாத்துகள் பக்கத்திலேயே வராது.

அதனால் வேட்டைக்காரர்கள் 'லேஅவுட் படகு' என்ற சின்னப் படகைப் பயன்படுத்துகிறார்கள். தட்டையாக இருக்கும் இதில் ஒருவர் மல்லாந்து படுத்துக்கொள்வார். தண்ணீருக்கு மேல் சில அங்குல உயரம்தான் தெரியும். சுற்றிலும் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டால், மேலே பறக்கும் வாத்துகளுக்கு அது தண்ணீரோடு தண்ணீராகத்தான் தெரியும்.

ஆனா இங்கேதான் சிக்கல். இவ்ளோ தாழ்வான படகை வைத்துக்கொண்டு அலையில் பல கிலோமீட்டர் போக முடியாது. பெரும்பாலும் இதற்கு மோட்டாரும் இருக்காது. அதனால்தான் பெரிய படகு இதைச் சுமந்துகொண்டு போய், இடம் பார்த்து இறக்கி, நங்கூரம் போட்டுக் கொடுக்கிறது. இந்தப் பெரிய படகை 'டெண்டர் படகு' என்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இது தாய்ப் படகு.

லூசியானா மாநிலத்தின் சதுப்பு நிலங்களிலும் இதே கதைதான், ஆனால் காரணம் வேறு. அங்கே மோட்டார் படகு நுழைய முடியாத ஆழமில்லாத குட்டைகளுக்குள் போக, 'பிரோக்' என்ற ஒல்லியான சின்னப் படகைப் பெரிய படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் செசபீக் வளைகுடா பகுதியில் வாத்து வேட்டை ஒரு பெரிய வியாபாரம். நகரத்து ஹோட்டல்களுக்கு வாத்துகளைச் சுட்டு விற்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் ஏராளம். அவர்கள் பயன்படுத்தியது 'சிங்க்பாக்ஸ்'. சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதைச் சுற்றிப் பலகை இறக்கைகள். இரும்பால் செய்த பொம்மை வாத்துகளைப் பாரமாக வைத்து, பெட்டியைத் தண்ணீர் மட்டத்துக்கே இறக்கிவிடுவார்கள். உள்ளே படுத்திருப்பவரின் உடம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். இதையும் பெரிய படகில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

வாத்துகள் வேகமாகக் குறைந்ததால் சட்டங்கள் வந்தன. வலசைப் பறவைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1918-ல் அமலானது. சிங்க்பாக்ஸ் முறைக்கு 1935-ல் அமெரிக்கா முழுவதும் தடை விதிக்கப்பட்டது.

அப்படின்னா லேஅவுட் படகு மட்டும் எப்படி ஓகே? வித்தியாசம் இதுதான்: சிங்க்பாக்ஸ் ஆளை நீர்மட்டத்துக்குக் கீழே மறைக்கிறது. லேஅவுட் படகு தாழ்வாக இருந்தாலும் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அதனால் பல மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு.

இன்னொரு பிரபலமான வாத்து வேட்டைப் படகு நியூ ஜெர்சியின் பார்னிகாட் வளைகுடாவில் பிறந்தது. ஹேசல்டன் சீமன் என்ற படகுக் கலைஞர் 1836 வாக்கில் உருவாக்கிய 'ஸ்னீக்பாக்ஸ்' அது. சுமார் 12 அடி நீளம், மேலே மூடிய தளம், பாய்மரம் கட்டும் வசதி. தானாகவே பயணம் போகக்கூடிய வேட்டைப் படகு. நதானியேல் பிஷப் என்பவர் 1875-ல் இப்படி ஒரு படகில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடா வரை போய், பிறகு அந்தப் பயணத்தைப் புத்தகமாகவே எழுதினார்.

எப்படி எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்?

மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஒரு நல்லது, ஒரு கெட்டது.

* படகின் விளிம்புகள் மேல் குறுக்காக வைப்பது: ஏற்றுவதும் இறக்குவதும் சுலபம். ஆனால் பாரம் உயரத்தில் இருக்கும். முன்பக்கம் வைத்தால் ஓட்டுபவருக்கு எதிரே வருவது மறையும். படகின் மூக்கும் தாழ்ந்துபோய் அலைக்குள் குத்தும்.

* உள்ளே, தரையோடு தரையாக வைப்பது: பாரம் தாழ்வாக இருப்பதால் இதுதான் மிகவும் பாதுகாப்பானது. ஆனால் பெரிய படகு அகலமாக இருக்க வேண்டும். ஆட்கள் நிற்கவும் நடக்கவும் இடம் குறையும்.

* கயிறு கட்டிப் பின்னால் இழுப்பது: பெரிய படகில் பாரமே ஏறாது. ஆனால் தாழ்வான சின்னப் படகுக்குள் அலைத் தண்ணீர் புகுந்துவிடும். பின்னாலிருந்து அலை தள்ளும்போது அது பெரிய படகின் மேலேயே வந்து மோதலாம். கயிறு தொய்ந்தால் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

60 கிலோ தானே... என்ன ஆகிடப் போகுது?

ஒருவர் படுக்கும் லேஅவுட் படகு பொதுவாக 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். கூட ஒரு ஆளை ஏற்றிக்கொண்ட மாதிரிதானே என்று தோன்றும். இந்த நினைப்பில் ரெண்டு தப்பு இருக்கு.

முதல் தப்பு, கணக்கு. அமெரிக்காவில் 20 அடிக்கும் குறைவான மோட்டார் படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று சொல்லும் தகடு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த எடையில் ஆட்கள் மட்டுமல்ல, வெளியே மாட்டும் மோட்டாரும் மற்ற சாமான்களும் அடக்கம்.

ஒரு படகின் தகட்டில் 500 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கனமான குளிர் உடைகளோடு மூன்று பேர் 300 கிலோ. மோட்டார் 100 கிலோ. பேட்டரி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 50 கிலோ. பொம்மை வாத்துகள், அவற்றின் கயிறு, ஈயக்குண்டுகள் இன்னொரு 50 கிலோ. அவ்ளோதான், 500 கிலோ முடிந்தது! துப்பாக்கிகளையும் நங்கூரங்களையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதற்கு மேல்தான் அந்த 60 கிலோ படகு ஏறுகிறது.

இரண்டாவது தப்பு, உயரம். பஸ்ஸுக்குள்ளே வைத்த மூட்டைக்கும், டாப்பில் ஏற்றிய மூட்டைக்கும் வளைவில் என்ன வித்தியாசம் என்று நமக்குத் தெரியும். படகில் அது இன்னும் மோசம். ஏனென்றால் தண்ணீரில் வளைவே தேவையில்லை. பக்கத்திலிருந்து ஒரு அலை வந்தாலே படகு சாயும். பாரம் தாழ்வாக இருந்தால் படகு தானாக நிமிரும். பாரம் உயரத்தில் இருந்தால் நிமிரும் சக்தி குறையும், சாய்ந்த பக்கமே இன்னும் இழுக்கும்.

இதில் தண்ணீர் தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். மேலே இருக்கும் சின்னப் படகு நிமிர்ந்தபடி இருந்தால் மழையும் அலைச் சாரலும் அதற்குள் சேரும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 100 லிட்டர், அதாவது 100 கிலோ. அந்த 100 கிலோ ஒரே இடத்திலும் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடும்.

"சரி, கவிழ்த்து வைத்துவிடலாம்" என்றால், தண்ணீர் தேங்காதுதான். ஆனால் காற்று அடியில் புகுந்து தூக்கும். அதனால் எப்படி வைத்தாலும் முன்னும் பின்னும் ரெண்டு இடத்தில் இறுக்கிக் கட்டியே ஆகவேண்டும்.

ரொம்ப ஆபத்தான நிமிஷம் எது?

பயணத்தைவிட ஆபத்தானது, சின்னப் படகை இறக்கும் நிமிஷம். ரெண்டு பேர் ஒரே பக்கம் வந்து குனிகிறார்கள். கையில் 60 கிலோ படகு. அதாவது 250 கிலோவுக்கும் மேல் எடை ஒரே ஓரத்தில்! அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் இருந்து ஒரு அலை தூக்கினால், ஓரம் தண்ணீருக்குள் போய்விடும்.

அனுபவம் உள்ளவர்கள் இதை அவசரப்பட்டுச் செய்ய மாட்டார்கள். மோட்டாரை அணைத்துவிட்டு, காற்று மறைவான பக்கமாக இறக்குவார்கள். மூன்றாவது ஆள் நடுவிலோ எதிர்ப்பக்கமோ உட்கார்ந்து சமன் செய்வார். நங்கூரத்தை எப்போதும் முன்பக்கத்தில்தான் கட்டுவார்கள். தாழ்வான பின்பக்கத்தில் கட்டினால், அலை நேராக உள்ளே ஏறிவிடும்.

செயின்ட் கிளேர் ஏரியின் சராசரி ஆழம் சுமார் 11 அடிதான். ஆழம் கம்மி என்றால் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. ஆழமில்லாத ஏரியில் காற்று அடித்தால், குட்டையான, செங்குத்தான அலைகள் சீக்கிரமே எழும்பிவிடும்.

தண்ணீரில் விழுந்தால் எவ்வளவு நேரம் இருக்கு?

வாத்து வேட்டைக் காலம் குளிர்காலத்தை ஒட்டியது. உறைநிலையை நெருங்கும் தண்ணீருக்கு '1-10-1' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். விழுந்ததும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாதவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. கை கால் ஓய்ந்ததும் மூழ்கிவிடுவார்.

1940 நவம்பர் 11 அமெரிக்காவில் மறக்க முடியாத நாள். அன்று விடுமுறை. காலையில் வெயில் இதமாக இருந்ததால், மேல் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிக்கு ஏராளமானோர் லேசான உடையில் வாத்து வேட்டைக்குப் போனார்கள். மதியத்துக்குள் வெப்பநிலை சரசரவென இறங்கி, பனிப்புயல் அடித்தது. சின்னப் படகுகளில் திரும்ப முடியாமல் பலர் ஆற்றுத் தீவுகளில் சிக்கினார்கள். சிலர் மூழ்கினார்கள், சிலர் உறைந்தே இறந்தார்கள். அந்தப் புயலில் மொத்தம் 140-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மினசோட்டா மாநிலத்தில் இறந்த 49 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். மறுநாள் மேக்ஸ் கான்ராட் என்ற விமானி, சிறிய விமானத்தில் ஆற்றின் மேல் தாழ்வாகப் பறந்து, சிக்கியவர்களுக்கு உணவும் தீப்பெட்டியும் போட்டார். மீட்புக் குழுவுக்கும் அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டினார்.

சின்னப் படகை இறக்கியதும் வேலை முடிஞ்சுதா?

இல்லை. சின்னப் படகில் படுத்திருப்பவருக்கு மோட்டார் இல்லை, கரைக்கு வர வழியும் இல்லை. தாய்ப் படகுதான் அவருடைய ஒரே உயிர்ப்பிடி. அதனால் வாத்துகள் மிரளாத தூரத்துக்கு விலகினாலும், அது கண் பார்வையை விட்டுப் போகக் கூடாது. கையில் தொலைநோக்கியும் வாக்கி டாக்கியும் இருக்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் படகிலிருந்து வாத்துகளைச் சுடவும் கூடாது, அவற்றை விரட்டிக்கொண்டு வரவும் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம்.

பெரிய படகை அளவுக்கு மீறி ஏற்றினால் என்ன பிரச்னை என்பது இப்போது புரிந்திருக்கும். அது கவிழ்ந்தால் அதில் இருப்பவர்கள் மட்டுமல்ல, தூரத்தில் தனியாகப் படுத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

* சின்னப் படகு, மோட்டார், சாமான்கள் எல்லாம் சேர்த்து, தகட்டில் உள்ள எடைக்குள் இருக்கிறதா?
* பாரம் முடிந்தவரை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கிறதா?
* ஓட்டுபவருக்கு முன்னால் தெளிவாகத் தெரிகிறதா?
* கட்டு இறுக்கமாகவும், அவசரத்தில் சட்டென்று அவிழ்க்கக் கூடியதாகவும் இருக்கிறதா?
* எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா? (படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும்)
* திரும்பி வரும் நேரத்துக்கான வானிலையைப் பார்த்தாச்சா?
* எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லியாச்சா?

நமக்கு இதில் என்ன இருக்கு?

இந்தியாவில் காட்டு வாத்துகளை வேட்டையாடுவது, 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் சீசனில் சுடப்படும் ஊசிவால் வாத்து, நம்ம வேடந்தாங்கலுக்கும் குளிர்கால விருந்தாளியாக வரும் அதே இனம்தான். இங்கே பார்க்கலாம், ரசிக்கலாம், படம் எடுக்கலாம். அவ்ளோதான்.

ஆனால் பாரத்தின் கணக்கு எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றுதான். பரிசலில் பைக்கை ஏற்றினாலும், படகில் ஆட்களை அடைத்தாலும், "இன்னும் ஒண்ணு தானே" என்று ஏற்றும் அந்தக் கடைசிப் பாரம் எங்கே, எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கரையில் நிற்கும்போது தப்பைத் திருத்த ஒரு நிமிஷம் போதும். நடு ஏரியில் அந்த ஒரு நிமிஷம் கிடைக்காது.