மூன்றாம் நாள் தளரும் கழுத்து

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 1977, 1978ஆம் ஆண்டுகளில் ஒரு விளங்காத நோய் தலைகாட்டியது. வெவ்வேறு தோட்டங்களைச் சேர்ந்த 20க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால்கள் வலுவிழந்தன. பேராதனையில் பணியாற்றிய நரம்பியல் வைத்தியர் நிமல் சேனாநாயக்க அவர்களைப் பரிசோதித்தார். காரணம் நல்லெண்ணெயில் இருந்தது.

பெண்பிள்ளை பெரியவளானதும் இடுப்புக்குப் பலம் சேரட்டும் என்று நல்லெண்ணெய் கொடுப்பது நம்மவர் வழக்கம். அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் பொருள் அது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் இது கலந்திருக்கலாம் என்று சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் 'லான்செற்' மருத்துவ இதழில் எழுதினர். மொரோக்கோ நாட்டில் 1959இல் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் இதேபோல் முடங்கினார்கள். அங்கே கலந்தவர்கள் இலாபத்துக்காகக் கலந்தார்கள். இங்கே தாய்மார் அன்போடு கொடுத்தார்கள். பழுது கலனில் இருந்தது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த இரசாயனம், நாம் மரக்கறிக்கு அடித்துவந்த ஓகனோபொஸ்பேற்றுக் கிருமிநாசினிகளின் இனத்தைச் சேர்ந்தது. 1977, 1983 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் காணி செய்தவர்களும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் வீட்டையும் கிழங்குத் தோட்டத்தையும் இழந்தவர்களும் இந்த இதழை வாசிக்கிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பம் பெரும்பாலும் ஒற்றை அறையில்தான் வாழ்க்கையை மறுபடி தொடங்குகிறது. அரிசி மூட்டையும், பிள்ளையின் பாயும், தெளிகருவியும், மருந்துப் போத்தலும் ஒரே மூலையில் கிடக்கும். ஆகவே அந்தப் போத்தலில் இருப்பது உடம்பில் என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

நாம் கையைத் தூக்க நினைத்தால் மூளையின் கட்டளை நரம்பு வழியே இறங்கித் தசையின் வாசல் வரை வருகிறது. நரம்பும் தசையும் ஒட்டியில்லை. இடையில் கண்ணுக்குத் தெரியாத சிறு இடைவெளி உண்டு. நரம்பின் நுனி அசற்றைல்கோலின் என்ற பொருளை அந்த இடைவெளியில் விடுகிறது. அது தசையிலுள்ள பூட்டில் சாவி போலப் பொருந்த, தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதியம் அந்தச் சாவியை உடைத்து அப்புறப்படுத்துகிறது. அப்படி அப்புறப்படுத்தினால்தான் அடுத்த கட்டளைக்கு இடம் கிடைக்கும்.

கிருமிநாசினி அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. உடைபடாத சாவிகள் குவிகின்றன. முதலில் தசைகள் துடிக்கின்றன, பின் களைத்து அடங்குகின்றன. இதே பொருள் வேறு உறுப்புகளிலும் வேலை செய்வதால் வாயில் நீர் வடிதல், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், நெஞ்சில் சளி நிரம்புதல் எல்லாம் சேர்ந்து வரும்.

இந்த வாசலைச் சத்திரசிகிச்சைக் கூடமும் நன்கு அறியும். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய கியூராரே என்ற நஞ்சு பூட்டை அடைத்துத் தசையைத் தளர்த்துவது. அந்த வழியில் வந்த மருந்துகளைக் கொடுத்துத்தான் இன்றும் வயிற்றுத் தசையைத் தளர்த்திச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். நோயாளியின் மூச்சை அந்நேரம் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. முடிந்ததும் தளர்ச்சியை நீக்கக் கொடுக்கும் நியோஸ்டிக்மின் என்ன செய்கிறது தெரியுமா? கிருமிநாசினி கட்டிப்போடும் அதே நொதியத்தைத்தான் சிறிது நேரத்துக்குக் கட்டிப்போடுகிறது. அங்கே அளவும் நேரமும் வைத்தியரின் கையில் இருக்கின்றன.

சேனாநாயக்கவும் மயக்கமருந்து வைத்தியர் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் வெளியிட்ட கட்டுரை எமக்கு மிக முக்கியமானது. அதுவரை உலகம் இரண்டு கட்டங்களை அறிந்திருந்தது: நஞ்சு ஏறியவுடன் வரும் வாந்தியும் சளியும் முதலாவது, இரண்டு மூன்று வாரங்களின் பின் கைகால் நரம்பு கெடுவது மற்றது. நல்லெண்ணெய்ப் பிள்ளைகளுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. இவ்விருவரும் இடையில் மூன்றாவது ஒன்றைக் கண்டார்கள். முதற்கட்டம் கடந்த 10 நோயாளிகளுக்கு, நஞ்சு ஏறி 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் கழுத்து, தோள், தொடை, முகம், மூச்சுத் தசைகள் தளர்ந்தன. நால்வருக்கு அவசரமாக மூச்சு இயந்திரம் தேவைப்பட்டது. மூவர் இறந்தனர். சிலருக்குத் தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. இன்று உலகெங்கும் மருத்துவ நூல்களில் இது 'இடைநிலைத் தொகுதி' என்று இடம்பெறுகிறது. நமது நாட்டு வாட்டுகளில் நமது நாட்டு நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது.

ஆபத்து எங்கே என்று பாருங்கள். வைத்தியசாலையில் அற்றோபின் ஏற்றியதும் சளி வற்றும், இதயம் சீராகும், ஆள் கண் திறந்து பேசுவார். உறவினர் மனம் ஆறும். கைக்காசும் தீர்ந்திருக்கும், தோட்டத்தில் பேரும் வெட்டப்படும். கையொப்பமிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போக எண்ணம் வரும். ஆனால் அற்றோபின் தசையின் வாசலைத் தொடுவதில்லை. அந்தப் பூட்டு வேறு வகை. ஆகவே மூச்சுத் தசை தளர்வதை அதனால் தடுக்க இயலாது. நொதியத்தை விடுவிக்கும் என்று நம்பப்பட்ட பிராலிடொக்சைம் மருந்தும் இலங்கை வைத்தியசாலைகளில் நடந்து 2009இல் வெளியான பரிசோதனையில் பயன் காட்டவில்லை. அந்த நாட்களைக் கடத்தித் தருவது மூச்சு இயந்திரமும் விழிப்பான கவனிப்பும்தான்.

எனவே நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய ஒன்றுண்டு. மல்லாந்து படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்கச் சிரமப்பட்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். கழுத்து தளர்வது மூச்சு தளர்வதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். நான்கு நாள் முடியுமுன், வைத்தியர் போகச் சொல்லாமல், கூட்டிப்போக வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது சிறிது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வாகனம் வரும்வரை நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கழுவுபவர் கைக்கு உறை போடட்டும். ஆளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது கூடாது. வாந்தி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். போத்தலை, குறைந்தது லேபலையாவது, கையோடு கொண்டுபோங்கள்.

இந்த நஞ்சோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களில் மிகுதியானோர் வயலில் தெளித்து நஞ்சேறியவர்கள் அல்லர், மனம் உடைந்த ஒரு கணத்தில் தாமே குடித்தவர்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. அரசாங்கம் மொனோகுறொட்டொபொஸ், மெதமிடொபொஸ் ஆகியவற்றை 1995இலும், டைமெத்தொவேற்று, பென்தியோன் ஆகியவற்றை 2008 முதல் 2011 வரையிலும் விலக்கியது. நாட்டின் தற்கொலை வீதம் 1995இல் உச்சத்தில் இருந்து, பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டாமல் இருப்பது உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கடையில் விற்பனை நின்றாலும் கூரை இடுக்கில் செருகிய பழைய போத்தல் அப்படியே இருக்கும். காணியிழந்து கடன்பட்டு நிற்கும் வீடுகளில் அதைப் பூட்டி வையுங்கள். முடிந்தால் வசிக்கும் அறைக்கு வெளியே. மனம் கனத்தால் 1926 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். கோயிலிலும் பேசலாம், எவரையும் நியாயம் தீர்க்க நாம் இல்லை.

வெறுங்கலன்களையும் மறந்துவிட வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் கிருமிநாசினிக் கலன் பீலித் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ ஆகாது. துளையிட்டு ஒதுக்கிவிடுங்கள். நிவாரணமாகவோ மலிவாகவோ பழைய கலனில் எண்ணெய் வந்தால், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று: மாதக்கணக்காக மருந்தடித்தவர் சத்திரசிகிச்சைக்குப் போனால், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். சக்சமெதோனியம் என்ற தசைத்தளர்த்தி சில நிமிடங்களில் கலைந்துபோவது இரத்தத்திலுள்ள ஒரு நொதியத்தால். கிருமிநாசினியால் அந்த நொதியம் குறைந்திருந்தால் தளர்ச்சி எதிர்பார்த்ததைவிட மிக நீண்டுவிடும். வைத்தியருக்கு முன்பே தெரிந்தால் வேறு மருந்தைத் தெரிவு செய்வார்.