ஆயா ராம், கயா ராம்

கட்சி மாறுவோனை ‘ஆயா ராம், கயா ராம்’ என்றழைப்பது ஹிந்தி வழங்கும் நாட்டு ராஜீய வழக்கு. ‘ஆயா’ என்றால் வந்தான். ‘கயா’ என்றால் போனான். வந்த ராமன், போன ராமன் என்பதே சொற்பொருள். இதைச் சொல்லி நகைப்போர் பலர். இதன் பிறப்பை அறிந்தோர் சிலரே. அதை அறிந்தால், நகைப்பு யார்மேற் செல்லத் தக்கதென்பதும் விளங்கும்.

ஹரியானா ராஜ்யம் 1966 நவம்பரில் உதயமாயிற்று. 1967 தேர்தலில் ஹசன்பூர்த் தொகுதியில் சுயேச்சையாக வென்ற கயா லால், காங்கிரஸில் சேர்ந்து, பின் 15 தினங்களுக்குள் 3 முறை மாறினார்: ஐக்கிய முன்னணிக்குப் போனார், காங்கிரஸுக்கு மீண்டார், சில மணி நேரத்திற்குள் மறுபடியும் முன்னணிக்கே வந்தார். அவரைச் சண்டிகரில் பத்திரிகை நிருபர்கள்முன் நிறுத்திய ராவ் பீரேந்திர சிங், ‘போன’ ராமன் இப்பொழுது ‘வந்த’ ராமனாகிவிட்டார் என்று பரிகாசம் செய்தார். கயா என்னும் பெயரும் போனான் என்னும் வினையும் ஒரே ஒலியாதலின், சிலேடை நிலைத்துவிட்டது.

பரிகசித்தவர் யார்? காங்கிரஸ் அபேட்சகராக வென்றவர். 1967 மார்ச்சில் அக்கட்சி நிறுத்தியவரையே தோற்கடித்துச் சபாநாயகரானவர். சில தினங்களில் பகவத் தயாள் சர்மாவின் மந்திரிசபையைக் கவிழ்த்துத் தாமே முதன்மந்திரியானவர்! ஆயினும் பழிச்சொல்லானது அவர் பெயரன்று. 1980-ல் முதன்மந்திரி பஜன்லால், ஜனதாக் கட்சி மந்திரிசபையைக் கூட்டமாகவே இந்திரா காங்கிரஸுக்குக் கொண்டு சென்றார். அவர் பெயரும் அங்ஙனம் ஆகவில்லை. தனியாகத் தாண்டியவன் கோமாளி. கூட்டத்தோடு தாண்டியவன் தலைவன் போலும்!

சட்டமும் இந்நியாயத்தையே பின்பற்றியது விந்தை. 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தம், கட்சியை விட்டு விலகும் அங்கத்தினரின் பதவியைப் பறிக்க விதி செய்தது. ஆனால் மூன்றிலொரு பங்கினர் பிரிந்தால் குற்றமில்லை என்றது. 2003-ல் 91-வது திருத்தம் அவ்வாயிலை அடைத்தது. எனினும், மூன்றில் இரு பங்கினர் இசைந்து வேறு கட்சியுடன் இணைவதற்கு வாயில் திறந்தே இருக்கிறது. தீர்ப்புக் கூறும் அதிகாரமோ சபாநாயகருடையது; அவரும் ஒரு கட்சியால் அப்பீடத்தில் அமர்த்தப்பட்டவரே.

கொள்கை மாறியதால் ஒருவர் கட்சி மாறுவதை நாம் குறை கூறோம். அங்ஙனம் மாறுவோர் பதவியைத் துறந்து, மீண்டும் ஜனங்களிடம் வாக்குக் கேட்கட்டும். அதைச் செய்யாதவர் ஒருவராயினும் நூற்றுவராயினும் ஜனங்களின் நம்பிக்கையை விற்றவரே. கயா லாலுக்கு இட்ட பெயர் அவர் எல்லோருக்கும் உரியது.