முன்னிருட்டும் முதியோரும்

பிரித்தானியாவில் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் பின்னகர்த்தப்படுகின்றன. டிசம்பரில் லண்டனில் பிற்பகல் 4 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. ஒஸ்லோவில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 6 மணித்தியாலத்திற்கும் குறைவானதாகும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணித்தியாலப் பகலுக்குப் பழகிய எம்மவர்க்கு, குறிப்பாகப் பிள்ளைகளுடன் வாழச் சென்ற முதியோருக்கு, இது இலேசான மாற்றமன்று.

அக்காலத்தில் சிலரைப் பீடிக்கும் சோர்வும் மிகை உறக்கமும் நாட்டமின்மையும் சோம்பலின் விளைவுகளல்ல. ஒளி குறைவதால் உடலின் உட்கடிகாரம் தடுமாறுவதே முக்கிய காரணமெனக் கருதப்படுகிறது. அமெரிக்க உளமருத்துவர் நோர்மன் ரோசென்தாலும் சகாக்களும் 1984 ஆம் ஆண்டு இதனைப் பருவகால மனச்சோர்வாக மருத்துவ உலகிற்கு விபரித்தனர்.

இதற்குப் பரிகாரமும் ஒளியே. விடிந்த பின்னர் அரை மணித்தியாலமேனும் வெளியே நடத்தல் நன்று. முகில் மூடிய வானங்கூட வீட்டு மின்விளக்கிலும் பன்மடங்கு ஒளி தரவல்லது. வைத்தியரின் ஆலோசனையுடன் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் காலையில் அமர்வதும் பலருக்குப் பயனளித்துள்ளது. சோர்வு நீடிப்பின் வைத்தியரை நாடத் தயங்கலாகாது.

தொலைபேசியில் "போகப்போகப் பழகிவிடும்" எனத் தேற்றுவதிலும், "இன்று வெளியே சென்றீர்களா?" எனக் கேட்பதே இங்குள்ள உறவினர் செய்யக்கூடிய பேருதவியாகும்.