வயிற்றுப் பசியும் மனப் பசியும்

உடல் பருமனுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது இப்போது நம்மவர் குடும்பங்களிலும் கேள்விப்படுகிற செய்தியாகிவிட்டது. டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கை மகள் 2021-ல் இதைச் செய்துகொண்டாள். அப்போது டாக்டர்களைக் கேட்டும், படித்தும், அருகிலிருந்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. தண்டவாளமும் பாலமும் பார்த்தவன். எனவே எனக்குப் புரிந்த அளவில் எளிமையாகச் சொல்கிறேன்.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை நீக்கிவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதியை ஒரு சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அப்பகுதி போய்விடுவதால் பசி நன்றாகக் குறைகிறது.

ஆனால் குறைவது வயிற்றுப் பசி மட்டுமே. கவலையிலும் கோபத்திலும் தனிமையிலும் எதையாவது தின்னத் தோன்றுகிறதே, அந்த மனப் பசிக்குக் கத்தி எட்டுவதில்லை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. வயிற்றுப் பசி மெல்ல வரும். ரசம் சாதம் கிடைத்தாலும் அடங்கும். மனப் பசி திடீரென்று வரும். மிக்சர்தான் வேண்டும், மைசூர்பாகுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். வயிறு நிறைந்த பிறகும் நிற்காது. முடிவில் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். இது வெறும் தீனி ஆசை அல்ல. பாஷை பழகாத ஊர், பூட்டிய ஃபிளாட், பிற்பகல் நேரம், ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பா - இவை ஒன்று சேர்ந்தால் யாருக்கும் வரக்கூடியது.

ஆபரேஷனுக்கு முன் மனநல நிபுணரைப் பார்க்கச் சொன்னால் பயப்படவோ வெட்கப்படவோ வேண்டாம். பைத்தியமா என்று பார்க்கிற சோதனை அல்ல அது. என் மருமகளை ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார்கள். எப்போது, என்ன சாப்பிட்டாள், பசி இருந்ததா, மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். இரண்டே வாரத்தில் விஷயம் வெளிப்பட்டது. திருச்சியில் படுத்த படுக்கையாக இருந்த தகப்பனாரைப் பற்றிப் போனில் பேசி வைத்ததும் அவள் கை டப்பாவைத் தேடியிருக்கிறது. "பசியே இல்லை மாமா, ஆனாலும் கை போகிறது" என்றாள். அதன்பின் போனை வைத்தவுடன் பத்து நிமிஷம் கீழே இறங்கி நடந்துவிட்டு வருவது என்று பழக்கிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பின் முதலில் திரவ உணவு, அடுத்து மசித்தது, பிறகுதான் திட உணவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். பருப்பு, தயிர், பனீர், முட்டை போன்ற புரத உணவை முதலில் சாப்பிட வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தேவை.

மனப் பசி புகுவது வேறு வழியில். நாலு இட்லி இறங்காத வயிற்றில் ஐஸ்கிரீமும் பாயசமும் சிப்ஸும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுதும் இறங்கிவிடும், எடையும் திரும்பும். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரலாம். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனபின் மதுவின் பக்கம் திரும்புகிறவர்களும் உண்டு. பைபாஸுக்குப் பிறகு மது வெகு சீக்கிரம் ரத்தத்தில் ஏறும் என்பதை மறக்கக் கூடாது.

2023-ல் தகப்பனார் காலமானபோது மருமகளுக்கு ஆறு கிலோ திரும்பியது. அவள் மறைக்கவில்லை. பழைய நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போனாள். மெல்ல மெல்லச் சமாளித்தாள். நிபுணரிடம் உடனே போக முடியாதவர்கள் 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்ற உபசாரமும், "இதற்கா இத்தனை செலவு?" என்ற கேலியும் இவர்களுக்கு வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "மனசு எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள ஒருவர் இருந்தால், டப்பாவைத் தேடிப் போகிற தேவை பாதி குறைந்துவிடும்.